ஸ்பானிஷ் படிக்க குவாத்தமாலா: ஆன்டிகுவாவா, ஷேலாவா, ஏரிக்கரையா?

மூன்று மாதம் கையில் இருக்கிறது, ஸ்பானிஷ் படிக்க வேண்டும், அப்படியே ஏதாவது தொண்டு வேலையும் செய்ய வேண்டும், எந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். சான்றிதழ் வேண்டுமா, பேச்சு வேண்டுமா?

ஸ்பெயினில் மேற்படிப்போ வேலையோ மனதில் இருந்தால் சலமான்கா மாதிரி ஓர் ஊருக்குப் போவது நல்லது. 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் உள்ள ஊர், வெளிநாட்டு மாணவர்களுக்குப் பழகிய ஊர். ஆனால் சான்றிதழுக்காக மட்டும் கடல் தாண்ட வேண்டியதில்லை. டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தகுதித் தேர்வை, டெல்லியில் உள்ள ஸ்பெயின் அரசின் செர்வாந்தஸ் நிறுவனத்திலேயே எழுதலாம்.

பேச்சுதான் வேண்டும் என்றால் மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா. காரணம் அங்கே பாடம் நடக்கும் முறை. ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், நடுவில் ஒரு சின்ன மேசை. நாளுக்கு 4 அல்லது 5 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள். பத்துப் பேர் உள்ள வகுப்பில் பின்வரிசையில் ஒளிந்துகொள்கிற வசதி இங்கே கிடையாது. நாளுக்கு 5 மணி என்று 8 வாரம் படித்தால் 200 மணி நேரம். சொல்ல நினைத்ததைத் தட்டுத்தடுமாறியாவது சொல்லி முடிக்க அது போதும். அதே கட்டணத்தில் ஒரு குடும்பத்தோடு தங்கும் ஏற்பாடும் மூன்று வேளைச் சாப்பாடும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். பொலிவியாவின் சூக்ரேயும் பெருவின் குஸ்கோவும் இதே வழியில் போகிற ஊர்கள்தான். ஆனால் குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முதல் சில நாள் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். சூக்ரே நல்ல ஊர், ஆனால் போய்ச் சேர்வதே பெரும் பயணம்.

நான் இருந்தது 12 வாரம். ஆன்டிகுவாவில் 2, ஷேலாவில் 8, அதித்லான் ஏரிக்கரையில் சான் பெத்ரோவில் 2. அதனால் இந்த மூன்று ஊர்களைப் பற்றித்தான் என்னால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியும்.

மூன்று ஊர்கள்

ஆன்டிகுவா சுமார் 1,530 மீட்டர் உயரம், ஏற்காடு அளவு. வெயிலும் இதம், குளிரும் இதம். தலைநகர விமான நிலையத்திலிருந்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். 1773 நிலநடுக்கத்தில் சிதைந்த பழைய தலைநகரம் இது. கூரை இழந்த தேவாலயங்கள் அப்படியே நிற்கின்றன, தெருவெல்லாம் கல் பாவியது, தலை நிமிர்ந்தால் ஃபுவேகோ எரிமலை புகை விடுகிறது. 1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வீடு வாசலை விட்டு முதன்முதலாக இவ்வளவு தூரம் வருகிற ஒருவருக்கு இதைவிட மென்மையான இடம் கிடைக்காது. நல்ல மருத்துவர், நல்ல காப்பி, இரவு எட்டு மணிக்கும் ஆள் நடமாட்டம், எல்லாம் உண்டு.

குறை ஒன்றுதான், அதுவும் பெரிய குறை. காப்பிக் கடையில் நீங்கள் ஸ்பானிஷில் கேட்டால் பதில் ஆங்கிலத்தில் வருகிறது. கடைக்காரர் உதவிதான் செய்கிறார், அவர்மேல் தப்பில்லை. ஆனால் காலையில் நான்கு மணி நேரம் படித்ததை மாலையில் பயன்படுத்த ஆள் தேட வேண்டியிருந்தது. மூன்று ஊர்களில் செலவும் இங்கேதான் அதிகம். புனித வாரத்தில் தெருவெங்கும் வண்ண மரத்தூளால் கோலம் போடுகிறார்கள், அதன்மேல் ஊர்வலம் நடந்து போகிறது. கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அந்த வாரம் அறை கிடைப்பதும் பாடம் நடப்பதும் கடினம்.

கெட்சால்தெனாங்கோ நாட்டின் இரண்டாவது முக்கிய நகரம். யாரும் அந்த முழுப்பெயரைச் சொல்வதில்லை, இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாயா மக்களின் மொழியில் உள்ள பெயரான ஷெலஹுவைச் சுருக்கி ஷேலா என்கிறார்கள். உயரம் 2,330 மீட்டர், ஊட்டியைவிடச் சற்றே மேலே. தலைநகரிலிருந்து பேருந்தில் நான்கைந்து மணி நேரம். இது சுற்றுலாவுக்காக உடுத்திக்கொண்ட ஊர் இல்லை. கல்லூரிப் பிள்ளைகள், வக்கீல் அலுவலகங்கள், சந்தை, போக்குவரத்து நெரிசல் என்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற நகரம். உங்களுக்காக யாரும் மொழியை மாற்றிப் பேச மாட்டார்கள், பலருக்கு மாற்றவும் தெரியாது. மருந்துக் கடையிலும், செருப்புத் தைக்கக் கொடுத்த இடத்திலும், பேருந்திலும் ஸ்பானிஷ் ஒன்றுதான் வழி.

குளிரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், வீடுகளில் கணப்பு கிடையாது. மூன்று கம்பளிக்குள் காலுறையோடு படுத்தேன். குழாய்த் தலையில் மின்சாரச் சூடேற்றி மாட்டியிருப்பார்கள். தண்ணீரை மெல்லத் திறந்தால் சூடு, வேகமாகத் திறந்தால் பச்சைத் தண்ணீர். இதைப் பழகவே நான்கு நாள் ஆனது. குளிர் தாங்காத உடம்பென்றால் பிப்ரவரிக்குப் பிறகு போங்கள்.

சான் பெத்ரோ அழகில் மற்ற இரண்டையும் மிஞ்சியது. 300 மீட்டருக்கு மேல் ஆழமான ஏரி, சுற்றிலும் எரிமலைகள். பனஹாச்செலில் இருந்து படகில்தான் பெரும்பாலும் போவார்கள். பிற்பகலில் ஷோகோமில் என்ற காற்று எழுந்து ஏரி கொந்தளிக்கும், ஆகவே காலைப் படகைப் பிடியுங்கள். செலவு குறைவு. தோட்டத்தில், ஏரியைப் பார்த்தபடி பாடம் நடக்கும்.

ஆனால் அங்கே ஒன்றைப் போன பிறகுதான் புரிந்துகொண்டேன். சான் பெத்ரோ மக்களின் தாய்மொழி ட்சுதுஹில் என்ற மாயா மொழி. என்னிடம் அழகான, தெளிவான ஸ்பானிஷில் பேசிய வீட்டம்மா, மகளைப் பார்த்துத் திரும்பியதும் ட்சுதுஹிலுக்குப் போய்விடுவார். அது அவர்கள் வீடு, அவர்கள் மொழி. கேட்கவே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. குவாத்தமாலாவில் 22 மாயா மொழிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன என்று படிப்பது வேறு, சாப்பாட்டு மேசையில் அதில் ஒன்றைக் கேட்பது வேறு. ஆனால் ஸ்பானிஷ் பழக வந்த காதுக்கு அந்த மேசையில் கிடைப்பது, நேராக நம்மைப் பார்த்துச் சொல்லப்படும் வாக்கியங்கள் மட்டும்தான்.

என் முடிவு இதிலிருந்துதான் வந்தது. வகுப்பில் சொல்லிக்கொடுப்பது மூன்று ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இறந்தகால வினை எங்கே படித்தாலும் இறந்தகால வினைதான். ஊருக்கு ஊர் மாறுவது, நம்மிடம் பேசாத பேச்சு எந்த மொழியில் காதில் விழுகிறது என்பது. பக்கத்து இருக்கையில் இரண்டு பேர் சண்டை போடுவது, பேரம் பேசுவது, அம்மா பிள்ளையைத் திட்டுவது. ஆன்டிகுவாவில் அதில் பாதி ஆங்கிலம். சான் பெத்ரோவில் பெரும்பகுதி ட்சுதுஹில். ஷேலாவில் நகரத்துக்குள் அது ஸ்பானிஷ். எட்டு வாரத்தில் என் காது திறந்தது அதனால்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

வீடும் சாப்பாடும்

தனி அறை எடுப்பதா, குடும்பத்தோடு தங்குவதா என்ற கேள்விக்கு என் பதிலில் தயக்கமே இல்லை. முதல் ஆறு வாரம் குடும்பம்தான். தனி அறையில் இருந்தால் மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியில் தமிழில் பேசிக்கொண்டிருப்போம். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஷேலாவில் நான் இருந்த வீட்டின் பின்கட்டில் ஒரு பிலா இருந்தது. சிமெண்டில் செய்த தொட்டி, மூன்று பகுதி. நடுவில் ஆழமாகத் தண்ணீர் நிரம்பி நிற்கும், இரண்டு பக்கமும் மேடான சாய்வுத் தளம். ஒரு பக்கம் பாத்திரம், மறுபக்கம் துணி. நடுத் தொட்டியிலிருந்து சின்னக் கிண்ணத்தால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். நான் வந்த மறுநாள் சோப்புக் கையோடு நடுத் தொட்டிக்குள் டம்ளரை முக்கிவிட்டேன். வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. தக்கையைப் பிடுங்கி முழுத் தண்ணீரையும் விட்டுவிட்டு, தேய்த்துக் கழுவி, திரும்ப நிரப்பத் தொடங்கினார். குழாயில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு அன்றைக்கு வேண்டிய தண்ணீர் அது. கிணற்றடியில் எச்சில் குடத்தைத் தோண்டிக்குள் விட்டால் நம் பாட்டிக்கு எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் போய் நின்று மன்னிப்புக் கேட்கச் சொல் தேடினேன். அவர் தேய்க்கும் நாரை என் கையில் கொடுத்தார். அங்கே நின்றபடி பாத்திரம், வாளி, நிரப்பு, காலி என்று பத்துப் பன்னிரண்டு சொல் படித்தேன். அவை இன்றைக்கும் மறக்கவில்லை.

சாப்பாட்டில் நமக்கு அந்நியம் குறைவு. கறுப்பு பீன்ஸ், முட்டை, வாழைக்காய் மாதிரிப் பெரிய வாழைப்பழம் பொரித்தது, கையால் தட்டிய சோள டார்ட்டியா. முதல் வாரமே வீட்டம்மா குவிஸ்கீல் என்று சொல்லி ஒரு காயை வேகவைத்துத் தந்தார். பார்த்தால் நம்ம சௌசௌ. பிறந்த மண்ணே அந்தப் பக்கம்தான், அங்கிருந்துதான் உலகம் சுற்றி நம் ஊர்ச் சந்தைக்கு வந்திருக்கிறது. பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கலாம் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை, மறுவாரம் வைத்துக் காட்டினேன். சைவமாக இருப்பவர்கள் 'கறி சாப்பிட மாட்டேன்' என்று மட்டும் சொன்னால் போதாது. கார்னே என்றால் பலருக்கு மாட்டிறைச்சி, கோழி அதில் சேராது. 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ' என்று கோழியையும் மீனையும் பெயர் சொல்லி விலக்குங்கள், சூப்பில் கோழிச்சாறு உண்டா என்றும் கேளுங்கள்.

சாப்பிட்டு முடித்து எழும்போது மேசையில் இருப்பவர்களுக்கு 'முச்சாஸ் கிராசியாஸ்', அதாவது மிக்க நன்றி, சொல்ல வேண்டும். எல்லோரும் 'புவென் ப்ரோவேச்சோ' என்பார்கள், சாப்பிட்டது உடம்பில் நன்றாக ஒட்டட்டும் என்கிற மாதிரி. சொல்லாமல் எழுந்தால் கோபித்துக்கொண்டு போவதாகப் படும்.

இன்னொரு நல்ல செய்தி, நம் நாக்கு ஸ்பானிஷுக்குப் பாதி தயாராகவே இருக்கிறது. நாதா என்ற சொல்லில் வருவது 'அது'வில் வருகிற மென்மையான த. லாகோ என்பதில் வருவது 'மகன்' என்பதில் வருகிற க. மஞானா என்பதில் இருப்பது நம்ம ஞ. ரகரத்தையும் றகரத்தையும் பிரித்து ஒலிக்கிற நாஞ்சில்நாட்டுக்காரர்கள் பெரோ, பெறோ வித்தியாசத்தை முதல் நாளே பிடித்துவிடுவார்கள். ஒன்று 'ஆனால்', மற்றது 'நாய்'. வோஸ், உஸ்தேத் என்பதும் நீ, நீங்கள் மாதிரிதான். எங்கே எதைச் சொல்வது என்று குழம்பினால் உஸ்தேத்திலேயே நில்லுங்கள், குவாத்தமாலாவில் அது எங்கும் பிசகாது. கஷ்டப்படுத்துவது பால் வேறுபாடுதான். மேசா, போர்ச்சுகீசியர் வழியாக நமக்கும் மேசையாக வந்த அதே சொல், அங்கே பெண்பால். புத்தகம் ஆண்பால். அஃறிணை என்று ஒதுக்கிப் பழகிய நமக்கு இதற்கு ஒரே வழி, சொல்லை எப்போதும் பெண்பாலுக்கு லா, ஆண்பாலுக்கு எல் என்று முன்னால் சேர்த்தே மனப்பாடம் செய்வது.

தொண்டு வேலை: எதை, எப்போது

இங்கே நான் தவறு செய்தேன், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்பே ஓர் இடைத்தரகு நிறுவனத்திடம் பணம் கட்டி, பள்ளியில் உதவி ஆசிரியர் வேலைக்கு ஏற்பாடு செய்துகொண்டேன். நவம்பர் முதல் வாரம் போய் நின்றால் பள்ளி பூட்டியிருக்கிறது. குவாத்தமாலாவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. நவம்பர், டிசம்பர் விடுமுறை. பணம் வாங்கியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. பதிலுக்கு என்னை ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பினார்கள்.

இரண்டு வாரம் போனேன். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று மூன்றாம் நாளே என் பெயரைச் சரியாகச் சொன்னாள், இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. கடைசி நாள் கதவருகில் நின்று 'மஞானா?' என்று கேட்டாள். நாளைக்கு வருவாயா என்று. எனக்கு முன்னால் வந்த எத்தனை பேரிடம் அதைக் கேட்டிருப்பாள் என்று அப்போதுதான் தோன்றியது. என் நல்லெண்ணத்துக்கு விலை கொடுத்தது அந்தக் குழந்தை. குவாத்தமாலாவிலிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான குழந்தைகள் வெளிநாட்டுத் தத்துக்குப் போனதும், அதில் நடந்த முறைகேடுகளால் 2007 இறுதியில் புதிய சட்டம் வந்து அந்த வழி அடைபட்டதும் எனக்குப் பிறகுதான் தெரியும். வந்து போகிற ஆளாக இருந்துகொண்டு குழந்தைகள் இல்லத்துக்குள் போகாதீர்கள். எந்த ஊரானாலும், யார் கேட்டாலும்.

டிசம்பரில் செய்த வேலை வேறு மாதிரி. ஷேலாவைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் பல வீடுகளில் இன்னும் தரையில் மூன்று கல் வைத்துத்தான் சமைக்கிறார்கள். புகைபோக்கி இல்லை, கூரையெல்லாம் கரி, குழந்தை அம்மா முதுகில் தூளிக்குள் அந்தப் புகையையே சுவாசிக்கிறது. ஸ்பானிஷ் பள்ளி ஏற்பாடு செய்த குழுவோடு போய், செங்கலும் இரும்புத் தகடும் புகைபோக்கியும் வைத்து அடுப்புக் கட்டினோம். கட்டியவர் உள்ளூர்க் கொத்தனார். நான் மணல் சலித்தேன், கலவை போட்டேன், செங்கல் எடுத்துக் கொடுத்தேன். அவர் ரசமட்டத்தை வைத்துக் குமிழியைக் காட்டி 'நிவெல்' என்பார், நான் திருப்பிச் சொல்வேன். வீட்டுப் பாட்டிக்கு ஸ்பானிஷே தெரியாது, கிச்சே என்ற மாயா மொழி மட்டும்தான். அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒரே நிலையில் இருந்தோம். தகடு காய்ந்து முதல் டார்ட்டியா வெந்தபோது புகை கூரைக்கு மேலே போனதை வெளியே வந்து நின்று பார்த்தார்.

இரண்டு வேலைகளையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவு. அடுப்பு வேலைக்கு என் ஸ்பானிஷ் போதும், நான் போன பிறகும் அடுப்பு இருக்கும், என்மேல் யாரும் பாசம் வைத்துவிட்டு ஏமாற வேண்டியதில்லை. கற்பிக்கும் வேலை அப்படியில்லை. பள்ளிக்குப் பிந்தைய வீட்டுப்பாட உதவி, நூலகத்தில் கதை படித்துக் காட்டுவது போன்றவை நல்ல வேலைகள்தான். ஆனால் குறைந்தது இரண்டு மாதம் தொடர்ந்து வர முடிகிறவருக்கு, அதுவும் மொழி ஓரளவு வந்த பிறகு. ஊட்டச்சத்து, மருத்துவம் சார்ந்த வேலைக்குத் தேவை பெரிது. 2014-15 தேசிய ஆய்வின்படி 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஆனால் அந்த வேலை பயிற்சி பெற்றவர்களுக்கானது. நீங்கள் செவிலியர் என்றால் பேசலாம், இல்லையென்றால் தள்ளி நில்லுங்கள்.

ஊரிலிருந்தே பணம் கட்டித் தொண்டு வேலை பிடிக்காதீர்கள். போய் இறங்கி, மூன்று வாரம் படித்து, ஆசிரியரிடம் கேளுங்கள். எந்த அமைப்பு ஒழுங்காக நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஷேலாவில் ஆசிரியர்களே கூட்டுறவாக நடத்துகிற பள்ளிகள் உண்டு, சமூகப் பணியோடு சேர்ந்தே தொடங்கியவையும் உண்டு. 36 ஆண்டு உள்நாட்டுப் போர் 1996 டிசம்பரில் அமைதி ஒப்பந்தத்தோடுதான் முடிந்தது, அந்தக் காலத்தை நேரில் பார்த்த ஆசிரியர்கள் பலர். எந்தப் பள்ளியானாலும் சேரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் கட்டும் பணத்தில் ஆசிரியருக்கு எவ்வளவு, தங்கவைக்கும் குடும்பத்துக்கு எவ்வளவு? நேராகப் பதில் சொல்கிற பள்ளியில் சேருங்கள்.

யாருக்கு எது

முதல் வெளிநாட்டுப் பயணம், கையில் இரண்டு மூன்று வாரம்தான், கூடவே ஊரும் பார்க்க வேண்டும் என்றால் ஆன்டிகுவாவே சரி. மாயா மக்களின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்க்க ஆசை, ஸ்பானிஷ் ஏற்கெனவே ஓரளவு வருகிறது என்றால் சான் பெத்ரோ. மூன்று மாதம் இருக்கிறது, மொழியும் வேலையும் உண்மையாகவே வேண்டும் என்றால் ஷேலா, குளிரோடு சேர்த்து.

இன்றைக்கு மறுபடி போவதாக இருந்தால் ஜனவரி கடைசியில் இறங்குவேன். பள்ளிகள் திறந்திருக்கும், மே மாத மழைக்கு முன் கிராமப் பாதைகள் காய்ந்திருக்கும். ஆன்டிகுவாவில் ஒரே வாரம், உடம்பு பழக. பிறகு பதினொரு வாரமும் ஷேலா. முதல் ஐந்து வாரம் படிப்பு மட்டும், அதன்பின் காலையில் பாடம், பிற்பகலில் வேலை. விசாவைத் தூதரகத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே பள்ளிக்கு முன்பணம். வெளிநாட்டுப் பயணியைத் தங்க அனுமதிக்கும் 90 நாள் என்பது குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், நிகராகுவா நான்குக்கும் சேர்த்த கணக்கு. பக்கத்து நாட்டுக்குப் போய் வந்தால் புதிதாகத் தொடங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாமல், 84-ஆம் நாளுக்கே திரும்பும் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். பெட்டியில் ஒரு நல்ல கம்பளிச் சட்டையும், கூட்டு வைத்துக் கொடுக்க அரைக் கிலோ பாசிப்பருப்பும் இருக்கட்டும்.